வந்து வந்து போன வலி: சிறுகுடலில் ஒரு தீங்கற்ற கட்டியும் எட்டு மாதத் தாமதமும்

கொங்குப் பகுதியில் ஓர் அரசு மருத்துவமனையின் அறுவை சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறேன். அங்கே வந்த ஒரு பெண்ணுக்கு நடந்ததை அவருடைய சம்மதத்தோடு இங்கே பதிவு செய்கிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். அவர் வயிற்றில் இருந்தது தீங்கற்ற கட்டி. ஆனால் அதைக் கண்டுபிடிக்க எட்டு மாதம் ஆனது. அந்தத் தாமதத்தில் எங்கள் பிரிவுக்கும் பங்கு உண்டு. தாமதத்துக்கான காரணங்கள் எந்த வார்டிலும் நாளைக்கே திரும்ப வரக்கூடியவை என்பதால்தான் எழுதுகிறேன்.

பின்னணி

வயது 44. விசைத்தறிக் கூடத்தில் வேலை. இரண்டு பிள்ளைகள். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு செய்துகொண்ட குடும்பக்கட்டுப்பாடு ஆப்பரேஷன் தவிர வயிற்றில் வேறு அறுவை இல்லை. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு எதுவும் கிடையாது.

எட்டு மாதமாக வலி. சாப்பிட்டு ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் தொப்புளைச் சுற்றி முறுக்கிப் பிடிக்கும். அலை அலையாக வரும். வயிறு கடகடவென்று உருளும். தறியை நிறுத்தினால் பக்கத்தில் நிற்பவருக்கே அந்தச் சத்தம் கேட்குமாம். வாந்தி வந்ததும் கொஞ்சம் குறையும். இரண்டு மூன்று மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். அடுத்த நாள் வேலைக்குப் போய்விடுவார். முதலில் மாதம் ஒரு முறை வந்தது, பிறகு வாரம் ஒரு முறை ஆனது. சாப்பிட்டால்தானே வலிக்கிறது என்று சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். ஆறு கிலோ இறங்கிவிட்டது.

முதல் மூன்று மாதம் வாயு என்றும் அல்சர் என்றும் மாத்திரை சாப்பிட்டார். வயிற்று எண்டோஸ்கோபியில் லேசான இரைப்பை அழற்சி தவிர ஒன்றும் இல்லை. அல்ட்ராசவுண்ட் இரண்டு முறை எடுத்தார்; இரண்டும் இயல்பு. இரண்டும் வலி இல்லாத நாளில் காலை வெறும் வயிற்றில் எடுத்தவை. ஐந்தாவது மாதம் சி.டி. ஸ்கேன் எடுத்தார், அதுவும் வலி இல்லாத நாளில்தான். இலியத்தில், அதாவது சிறுகுடலின் கடைப்பகுதியில், சுவர் சற்றுத் தடித்திருக்கிறது, சில சிறிய நிணநீர் முடிச்சுகள் தெரிகின்றன, காசநோயா என்று பார்க்கவும் என்று அறிக்கை வந்தது. கொலனோஸ்கோபியில் பெருங்குடல் முழுக்க இயல்பு. இலியத்துக்குள் குழாயைச் செலுத்த முடியவில்லை, அதனால் பயாப்சி எடுக்கவில்லை. உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ரத்தச் சோதனையான ஈ.எஸ்.ஆர். 34, சற்று அதிகம். இவ்வளவை வைத்துக் குடல் காசநோய் என்று முடிவு செய்து மருந்து தொடங்கிவிட்டார்கள்.

நம் ஊரில் இந்த முடிவு ஏன் வருகிறது என்பது எனக்குப் புரிகிறது. இலியத்தில் தடிப்பும் எடைக் குறைவும் விட்டுவிட்டு வரும் அடைப்பும் சேர்ந்தால் காசநோய்தான் முதலில் நினைவுக்கு வரும். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் திசு ஆதாரம் இல்லாமல் தொடங்கிய மருந்துக்கு அந்த வீட்டில் ஒரு விலை இருந்தது. நுரையீரல் காசநோய் இருமலால் பரவுவது போலக் குடல் காசநோய் பரவாது என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. தட்டு, டம்ளர் இரண்டையும் தனியாக வைத்துக்கொண்டு, பேரக்குழந்தையைத் தூக்காமல் இருந்திருக்கிறார். ஆறு வாரம் மருந்து தின்றும் வலி குறையவில்லை.

முதல் முறை சேர்ந்தபோது

அந்த ஆறாவது வாரத்தில் ஒரு இரவு எங்களிடம் வந்தார். வயிறு உப்பியிருந்தது. பித்த வாந்தி. எக்ஸ்ரேயில் சிறுகுடல் விரிந்து, நான்கைந்து இடங்களில் காற்றும் நீரும் படிகட்டு போல நின்றன. வாய்வழி எதுவும் தராமல், மூக்கு வழியாக இரைப்பைக்கு ரைல்ஸ் டியூப் போட்டு, சலைன் ஏற்றினோம். விடிவதற்குள் வயிறு இளகிவிட்டது. மறுநாள் வாயு பிரிந்தது, இட்லி சாப்பிட்டார். மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனார்.

கையெழுத்துப் போட்டு அனுப்பியது நான்தான். எங்கள் முன்னால் இரண்டு விடைகள் தயாராக இருந்தன. பழைய ஆப்பரேஷன் தழும்பு இருக்கிறது, ஆகவே குடல் ஒட்டுதல். காசநோய் மருந்து சாப்பிடுகிறார், ஆகவே குடல் சுருக்கம். இரண்டுமே ரைல்ஸ் டியூப்பில் அடங்கக்கூடியவை. அடங்கியும் விட்டது. வலி இருந்த அந்த இரவில் எக்ஸ்ரே தவிர வேறு படம் எடுக்கவில்லை. புறநோயாளியாக வந்து சி.டி. எடுத்துக்கொள்ளச் சொல்லித் தேதி கொடுத்தோம்.

அப்போதே அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். ஊசி போட வந்த நர்ஸிடம், “கோழி முட்டையாட்டம் ஒண்ணு உருண்டு வந்து நிக்குதுங்க. அப்புறம் கரைஞ்சு போயிருதுங்க” என்றிருக்கிறார். அந்த வாக்கியம் கேஸ் ஷீட்டில் ஏறவில்லை. பிற்பாடு எல்லாம் தெரிந்தபின் அந்த நர்ஸ் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. ஒட்டுதலில் முட்டை போல ஒன்று வந்து நின்று கரைந்து போகாது.

பத்தொன்பது நாள் கழித்து

இரவு ஒன்பதரைக்கு மறுபடியும் அதே வலியோடு வந்தார். அன்றைக்குப் பணியில் இருந்தவர் எங்கள் இளம் உதவி மருத்துவர். நோயாளியின் வயிற்றில் கையை வைத்துவிட்டு எடுக்காமல் காத்திருந்தார். இந்த எட்டு மாதத்தில் யாரும் செய்யாதது அதுதான். வலி வரும்போதெல்லாம் தொப்புளுக்கு வலப்புறம் நீளவாக்கில் ஏதோ ஒன்று கைக்கு இறுகியது. வலி தணிந்ததும் தளர்ந்தது. நாலைந்து அலை அப்படியே பார்த்தார்.

ஸ்கேன் அறை பூட்டியிருந்தது. சாவி ரேடியாலஜி அலுவலகத்தில். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் விட்டிருக்கலாம். விடவில்லை. பிரசவ வார்டில் இருந்த அல்ட்ராசவுண்ட் மெஷினை உருட்டிக்கொண்டு வந்து அந்தக் கட்டி மேலேயே வைத்துப் பார்த்தார். வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினால் தெரியுமே, வளையத்துக்குள் வளையம், அப்படி ஒரு படம். குடலுக்குள் குடல் செருகிப் போயிருந்தது. பத்து மணி தாண்டி எனக்குப் போன் வந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது வலி அடங்கி அவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். என் கைக்குக் கட்டியும் தட்டுப்படவில்லை. இந்த இடத்தில்தான் போன முறை போலவே முடிந்திருக்கும். வலி போய்விட்டது, காலையில் பார்ப்போம் என்று சொல்லத் தோன்றியது உண்மை. இரண்டு காரணங்களால் அப்படிச் செய்யவில்லை. ஒன்று, அல்ட்ராசவுண்ட் படம் கையில் இருந்தது; செருகல் தானே விலகியிருந்தாலும் செருக வைத்த பொருள் உள்ளேயே இருக்கும். இரண்டு, வலி திடீரென்று ஓய்வது எப்போதும் நல்ல செய்தி இல்லை. ரத்த ஓட்டம் நின்ற குடலிலும் வலி சில சமயம் ஓய்ந்து போகும். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் 0.8 என்று இயல்பாக வந்ததும், படம் துலங்குவதற்கான மருந்தை நரம்பு வழி செலுத்தி அந்த இரவே சி.டி. எடுத்தோம்.

படத்தில் தெரிந்தது

இலியம் இலியத்துக்குள்ளேயே சுமார் 9 செ.மீ. நீளத்துக்குச் செருகியிருந்தது. சட்டைக் கையின் நுனியைப் பிடித்து உள்ளே இழுத்தால் துணி எப்படி மடிந்து போகுமோ அப்படி. குடலோடு அதன் தாங்குச் சவ்வின் கொழுப்பும் ரத்தக் குழாய்களும் உள்ளே இழுபட்டிருந்தன. செருகல் என்று உறுதியாகச் சொல்ல வைப்பது அந்தக் கொழுப்புதான். செருகலின் நுனியில் உருண்டையாக 3 செ.மீ. சொச்சத்தில் ஒரு கட்டி. அதற்கு மேலே குடல் விரிந்தும் கீழே சுருங்கியும் இருந்தது. குடல் சுவர் மருந்தை நன்றாகவே உறிஞ்சியிருந்தது, அதாவது ரத்த ஓட்டம் இருக்கிறது. வயிற்றில் நீர் இல்லை, கல்லீரலில் புள்ளிகள் இல்லை.

ரேடியாலஜி மருத்துவரும் நானும் பழைய சி.டி.யையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அதில் “சுவர் தடிப்பு” என்று எழுதப்பட்ட இடம் இதே இடம்தான். உற்றுப் பார்த்தால் அது ஒரு பக்கத்திலிருந்து உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் உருண்டை. விடை தெரிந்தபின் பார்ப்பது வேறு, அன்றைக்குப் பார்ப்பது வேறு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஸ்கேனுக்கு அனுப்பிய சீட்டில் “வயிற்று வலி” என்று மட்டும்தான் எழுதியிருந்தது. விட்டுவிட்டு அடைப்பு வருகிறது என்று ஒரு வரி இருந்திருந்தால் படத்தைப் படித்தவரின் கண் வேறு எதையோ தேடியிருக்கும்.

குடல் செருகல் பெரும்பாலும் குழந்தைகளுக்கு வருவது. பெரியவர்களிடம் காண்பது மொத்தத்தில் சுமார் 5 சதவீதம்தான். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் குறிப்பிட்ட காரணம் இருக்காது. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் இருக்கும். குடலின் உட்சுவரில் ஒரு கட்டி தொங்கினால், குடல் அதை உணவுக் கவளம் என்றே எடுத்துக்கொண்டு முன்னால் தள்ளுகிறது. கட்டியோடு ஒட்டிய சுவரும் சேர்ந்து போகிறது. குழந்தைகளுக்குச் சொல்லப்படும் வலி, ரத்தம் கலந்த மலம், கையில் தட்டுப்படும் கட்டி மூன்றும் பெரியவர்களிடம் ஒன்றாக வருவது அபூர்வம். தானே செருகித் தானே விலகுவதால்தான் மாதக் கணக்கில் இழுக்கிறது.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். சி.டி.யில் செருகல் தெரிந்தாலே கத்தியைத் தூக்க வேண்டியதில்லை. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில், மூன்று மூன்றரை செ.மீ.க்கும் குறைந்த நீளத்தில், அடைப்பும் கட்டியும் இல்லாமல் சிறுகுடலில் செருகல் தெரிந்தால் அது பெரும்பாலும் தற்காலிகம், தானே போய்விடும். இவருக்கு நீளமும் இருந்தது, அடைப்பும் இருந்தது, நுனியில் கட்டியும் இருந்தது.

என்ன கட்டி?

கொழுப்புக் கட்டியாக இருந்தால் சி.டி.யிலேயே சொல்லிவிடலாம், கொழுப்பு படத்தில் கறுப்பாக, சாதாரணத் திசுவைவிட மிகக் குறைந்த அடர்த்தியில் தெரியும். இது அப்படி இல்லை. திசுக் கட்டி. அப்படியானால் ஜிஸ்ட் என்னும் தசைப்படலக் கட்டி, ஹார்மோன் சுரக்கும் செல்களில் தோன்றும் நியூரோஎண்டோகிரைன் கட்டி, லிம்ஃபோமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய், வேறு இடத்துப் புற்றுநோய் வந்து தங்கியது, உட்சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு வளரும் தீங்கற்ற பாலிப் என்று பட்டியல் நீள்கிறது.

அந்த இரவில் செலவில்லாமல் செய்த இரண்டு சோதனைகளைச் சொல்கிறேன். டார்ச் அடித்து உதட்டையும் கன்னத்தின் உட்புறத்தையும் பார்த்தோம். பியூட்ஸ்-ஜெகர்ஸ் நோய் என்று ஒன்று உண்டு. உதட்டில் மிளகு தூவினாற்போல் கரும்புள்ளிகளும் சிறுகுடலில் பல பாலிப்புகளும் இருக்கும். இருந்தால் ஒரு கட்டியை எடுத்துவிட்டுத் திரும்ப முடியாது. புள்ளிகள் இல்லை. அடுத்து உடம்பு முழுக்க, கால் நகத்தடி வரைக்கும், கரும் மச்சம் எதாவது புதிதாக வளர்ந்திருக்கிறதா என்று தேடினோம். தோலில் தொடங்கும் மெலனோமா என்னும் புற்றுநோய் சிறுகுடலுக்கு வந்து இப்படிச் செருகலை உண்டாக்கும். அதுவும் இல்லை.

அதற்கு மேல் படம் சொல்லாது. சிறுகுடல் செருகலில் காரணம் பெரும்பாலும் தீங்கற்றது; பெருங்குடல் செருகலில் பாதிக்கு மேல் புற்றுநோய். இந்தக் கணக்கு ஆறுதல்தானே தவிர ஆதாரம் ஆகாது. கணவர் வராந்தாவில் நின்று, “கேன்சருங்களா சார்?” என்று கேட்டார். “தெரியலைங்க. சிறுகுடல்ல பெரும்பாலும் சாதாரணக் கட்டியாத்தான் இருக்கும். ஆனா எடுத்துப் பரிசோதிச்சாத்தான் சொல்ல முடியும். புற்றுநோய்னே நினைச்சு அதுக்குத் தக்கபடி வெட்டி எடுப்போம்” என்றேன். அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை, கையெழுத்துப் போட்டார்.

அறுவை: எப்போது, எப்படி

அந்த இரவே செய்யவில்லை. நாடித்துடிப்பு 92, காய்ச்சல் இல்லை, வயிறு அழுத்தினால் இறுகவில்லை, திசுவுக்கு ரத்தம் போதாவிட்டால் ஏறும் லாக்டேட் 1.4 என்று இயல்பு, குடல் சுவரில் ரத்த ஓட்டம் இருக்கிறது. ஆனால் வாந்தியால் பொட்டாசியம் 3.0க்கு இறங்கியிருந்தது. ஹீமோகுளோபின் 9.6. மயக்க மருந்து நிபுணர் பொட்டாசியத்தைச் சரி செய்ய நேரம் கேட்டார், அது நியாயம். காலை ஏழரைக்கு என்று முடிவு செய்தோம். கூடவே ஒரு நிபந்தனையைக் கேஸ் ஷீட்டில் பெரிதாக எழுதினோம்: துடிப்பு 110 தாண்டினாலோ, வலி விடாமல் நீடித்தாலோ, வயிறு இறுகினாலோ யாரையும் கேட்காமல் உடனே தியேட்டர். மணிக்கொரு முறை பார்த்தார்கள். எதுவும் மாறவில்லை.

செருகிய குடலை இழுத்து விடுவித்துவிட்டு வெட்டுவதா, அப்படியே சேர்த்து வெட்டுவதா என்பது பழைய விவாதம். பெருங்குடலில் இழுக்கக் கூடாது. புற்றுநோய்க்கான வாய்ப்பு அதிகம், பிதுக்கினால் செல்கள் சிந்தலாம், நைந்த குடல் கிழியலாம். சிறுகுடலில் விடுவிப்பதால் சில நேரம் நிறையக் குடல் மிஞ்சும், அப்போது அதற்குப் பொருள் உண்டு. இவருக்கு 9 செ.மீ. தான். மிச்சப்படுத்த ஒன்றும் இல்லை. தொடாமல் சேர்த்தே எடுப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டோம்.

நடுவயிற்றைத் திறந்தோம். பெருங்குடல் தொடங்கும் இடத்திலிருந்து சுமார் 30 செ.மீ. மேலே செருகல். பழைய தழும்பைச் சுற்றி ஓர் ஒட்டுதல்கூட இல்லை. கொலனோஸ்கோபியில் அன்று இலியத்துக்குள் நுழைந்திருந்தாலும் இவ்வளவு தூரம் எட்டியிருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். 22 செ.மீ. குடலை அதன் தாங்குச் சவ்வோடும் முடிச்சுகளோடும் எடுத்து, இரு முனைகளையும் கையால் தைத்து இணைத்தோம். அதற்கு முன் சிறுகுடல் முழுவதையும் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை விரல்களுக்கு இடையில் விட்டுத் தடவிப் பார்த்தோம். இரண்டாவது கட்டி இருக்கிறதா என்று தெரிய அந்த மேசையில் வேறு வழி இல்லை. இரண்டாவது கட்டி எதுவும் இல்லை.

எடுத்த குடலைப் பக்கத்து மேசையில் வைத்து விரித்தோம். வழவழப்பான காளான் தலை போல ஒரு கட்டி, 3.4 செ.மீ. அதன் உச்சியில் மட்டும் தோல் உரிந்து புண்ணாகி, பழுப்பு நிறத்தில் ரத்தம் படிந்திருந்தது. ரத்தசோகைக்குக் காரணம் அங்கே இருந்தது. குறுக்கே வெட்டினால் சாம்பல் கலந்த வெண்மை, ரப்பர் போன்ற உறுதி. நாட்டுக்கோழி முட்டை அளவு.

ஃபார்மலினில் போடுவதற்கு முன் ஒரு நிணநீர் முடிச்சைத் தனியாகச் சலைனில் எடுத்துவைத்தோம். காசநோய்க்கான மரபணுச் சோதனைக்கும் வளர்ப்புச் சோதனைக்கும் ஃபார்மலினில் ஊறாத திசு வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பாட்டிலில் போட்டு அனுப்பிவிட்டுப் பிறகு வருந்துவதை நான் பார்த்திருக்கிறேன்.

திசு அறிக்கை

பதினோராம் நாள் வந்தது. இன்ஃப்ளமேட்டரி ஃபைப்ராய்டு பாலிப். குடலின் உட்சவ்வுக்கு அடியில் தோன்றும் தீங்கற்ற கட்டி. சிறு ரத்தக் குழாய்களைச் சுற்றிக் கதிர் வடிவச் செல்கள் வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காகச் சூழ்ந்திருந்தன. நடுவே ஈயோசினோஃபில் என்னும் வெள்ளையணுக்கள் நிறைய. செல் எந்த வகை என்று காட்டும் சாயங்களில் சி.டி.34 (ஸ்கேனோடு தொடர்பில்லாத பெயர்) ஏறியது, சி.டி.117, டாக்-1 இரண்டும் ஏறவில்லை, ஆகவே ஜிஸ்ட் இல்லை. 1949இல் வானெக் என்பவர் இரைப்பையில் முதலில் விவரித்ததால் இதற்கு வானெக் கட்டி என்றும் பெயர். இன்றைய பெயரை 1953இல் ஹெல்விக், ரேனியர் இருவரும் கொடுத்தார்கள். பெயரில் அழற்சி என்று இருந்தாலும், பல கட்டிகளில் பி.டி.ஜி.எஃப்.ஆர்.ஏ. மரபணு மாற்றம் இருப்பது பின்னால் தெரிய வந்ததால் இன்று இதை உண்மையான கட்டியாகவே எண்ணுகிறார்கள். இரைப்பையில்தான் அதிகம் வரும், அடுத்தது இலியம். இரைப்பையில் இருந்தால் பெரும்பாலும் சும்மா கிடக்கும். இலியத்தில் இருந்தால் செருகலாகத்தான் வெளியே தெரியும்.

முடிச்சுகளில் காசநோய்க்கான மாற்றம் எதுவும் இல்லை. மரபணுச் சோதனையிலும் கிருமி இல்லை. காசநோய்ப் பிரிவு மருத்துவரோடு உட்கார்ந்து பேசி மருந்தை நிறுத்தினோம். நாங்களே தன்னிச்சையாக நிறுத்தவில்லை. தொடங்கிய பதிவில் நிறுத்திய காரணமும் ஏற வேண்டும்.

அதன் பிறகு

மூன்றாம் நாள் கஞ்சி, ஆறாம் நாள் வீடு. காயத்தில் லேசாக நீர் கசிந்தது, கட்டு மாற்றியதில் ஆறிவிட்டது. ஆறாவது மாதம் வந்தபோது எடை ஐந்து கிலோ கூடியிருந்தது, ஹீமோகுளோபின் 11.8. முழுவதும் எடுத்துவிட்டால் இந்தக் கட்டி திரும்ப வருவது மிக அரிது, அதனால் வருடா வருடம் ஸ்கேன் எதுவும் சொல்லவில்லை. “டம்ளரை எல்லாத்தோடையும் சேர்த்துட்டேனுங்க” என்றார். பேரக்குழந்தை அவர் இடுப்பில் இருந்தது.

மாற்றியவை

விட்டுவிட்டு வரும் அடைப்பில் படம் எடுக்க வேண்டிய நேரம் வலி இருக்கும் நேரம். இது எங்களுக்குப் புதிய அறிவு இல்லை, ஆனால் அதற்கு எங்களிடம் ஏற்பாடு இல்லாமல் இருந்தது. இப்போது அப்படிப்பட்ட நோயாளி வலி அடங்கி வீட்டுக்குப் போகும்போது கையில் ஒரு சீட்டு கொடுக்கிறோம். “வலியோடு வந்தால் காக்க வைக்காமல் வலி இருக்கும்போதே அல்ட்ராசவுண்ட், தேவைப்பட்டால் சி.டி.” என்று தமிழிலேயே எழுதி, எந்த மருத்துவமனைக்குப் போனாலும் காட்டச் சொல்கிறோம்.

ஸ்கேன் சீட்டில் “வயிற்று வலி” என்று மட்டும் எழுதி அனுப்பினால் ரேடியாலஜி பிரிவு திருப்பி அனுப்பலாம் என்று ஒத்துக்கொண்டிருக்கிறோம். எத்தனை நாளாக, எப்படி வந்து போகிறது, நோயாளி வாய்மொழியாக என்ன சொன்னார் என்பது அதில் இருக்க வேண்டும்.

அடைப்பு அடங்கியவரைக் காரணம் தெரியாமல் அனுப்பினால், வெளிச்சீட்டில் ஒட்டுதல் என்றோ காசநோய் என்றோ எழுதுவதில்லை. “காரணம் தெரியவில்லை” என்றே எழுதுகிறோம். அடுத்து பார்ப்பவர் தேடுவார். காசநோய் மருந்து தொடங்க வேண்டியிருந்தால் முதலில் திசுவுக்கு முயல்கிறோம். கிடைக்காமல் தொடங்கினாலும், எந்தத் தேதியில் பலன் பார்த்து மறுபடி யோசிப்போம் என்பதைத் தொடங்கும் நாளிலேயே எழுதி வைக்கிறோம்.

ஸ்கேன் அறைச் சாவி இரவு எட்டு மணிக்கு மேல் அவசரப் பிரிவு நர்ஸ் மேசையில் இருக்கிறது.